உப்பும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(யூபிலி ஆண்டையொட்டி நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யூபிலி ஆண்டில் கோவிலுக்கு வண்ணம் பூசுகிறோம், கொடிமரத்தைப் புதுப்பிக்கிறோம், விழா மலர் வெளியிடுகிறோம். இவற்றோடு நம் பிள்ளைகளின் உடல்நலத்தைப் பற்றியும் ஒரு மாலை பேச வேண்டும் என்று மாதர் சங்கத்தார் விரும்பினார்கள். எனக்குக் கொடுத்த பொருள் தைராய்டு. நான் பேசப்போவதோ பெரும்பாலும் உப்பைப் பற்றி. இரண்டுக்கும் உள்ள உறவு என்ன, அதில் ஈக்காட்டுத்தாங்கலில் குடியிருக்கும் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உப்பு நமக்குப் புதியதல்ல. மலைப்பொழிவில் ஆண்டவர் தம் சீடரை உப்புக்கு ஒப்பிட்டுப் பேசினார். பழைய இலத்தீன் முறைத் திருமுழுக்கில் குருவானவர் குழந்தையின் நாவில் சிறிது உப்பு வைப்பார். அதைக் கண்ட பெரியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகும்போது, அதன் அன்றாட உணவில் சேரும் உப்பு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதே இன்றைய கேள்வி.

கழுத்தில் ஒரு கேடயம்

நம் முன்கழுத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. வளர்ந்தவருக்கு அதன் எடை 20 கிராம் அளவுதான். கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குத் தைராய்டு என்று பெயர் வந்தது. டி-4, டி-3 என்னும் இரண்டு சுரப்புநீர்களை அது இரத்தத்தில் கலக்கிறது. உடல் வளர்ச்சி, எலும்பின் நீளம், இதயத் துடிப்பு, உடற்சூடு, மலங்கழிதல், பெண்பிள்ளைகள் பருவமடைதல், எல்லாவற்றுக்கும் மேலாக மூளையின் வளர்ச்சி ஆகிய அனைத்தும் இந்தச் சுரப்புநீர்களைச் சார்ந்தவை.

இவற்றைத் தயாரிக்கத் தைராய்டுக்கு ஒரு மூலப்பொருள் இன்றியமையாதது. அதுதான் அயோடின். டி-4 என்பதில் உள்ள நான்கு, அதில் அடங்கிய அயோடின் அணுக்களின் எண்ணிக்கை. டி-3-இல் உள்ள மூன்றும் அப்படியே. 1811-ல் பிரெஞ்சு நாட்டில் பெர்னார் கூர்த்துவா என்பவர் கடற்பாசிச் சாம்பலிலிருந்து இதைக் கண்டுபிடித்தார்.

எவ்வளவு வேண்டும்? 6 முதல் 12 வயதுவரை உள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 120 மைக்ரோகிராம், பெரியவர்களுக்கு 150, கருவுற்ற தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் 250. ஒரு மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. ஒருவர் எழுபது ஆண்டு வாழ்ந்தாலும், வாழ்நாள் முழுவதற்கும் அவருக்குத் தேவையான அயோடின் 4 கிராமை எட்டாது. ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கிவிடும். ஆனால் அதை ஒரே நாளில் விழுங்கிச் சேமித்து வைக்க முடியாது. நாள்தோறும் சிறிது சிறிதாகக் கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? சுரப்பி கூடுதலாக உழைக்கத் தொடங்கும். கிடைக்கும் சிறிதளவு அயோடினையும் பற்றிக்கொள்வதற்காகத் தானே பெருக்கும். அப்படிப் பெருத்ததைத்தான் முன்கழுத்துக் கழலை என்கிறோம். கிராமப்புறத்தில் கழுத்தில் எந்த வீக்கத்தைக் கண்டாலும் கண்டமாலை என்று சொல்லிவிடுவார்கள். அது வேறு; கழுத்தின் பக்கவாட்டில் நெறிகட்டி வருவது, பெரும்பாலும் காசநோயினால். இது முன்கழுத்தில், எச்சில் விழுங்கும்போது மேலெழுந்து இறங்கும்.

கழலை கண்ணுக்குத் தெரியும் தீங்கு. தெரியாத தீங்கு அதைவிடப் பெரிது. கருவிலிருக்கும் குழந்தை முதல் மூன்று மாதங்களில் தாயின் சுரப்புநீரையே முற்றிலும் நம்பியிருக்கிறது. அப்போது ஏற்படும் கடுமையான குறையைப் பின்னால் எந்த மருந்தாலும் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. குறை மிதமாக இருந்தால் பிள்ளை நடமாடும், பேசும், பள்ளிக்கும் வரும். ஆனால் அதன் அறிவுத்திறன் இருக்க வேண்டிய அளவைவிடச் சில படிகள் தாழ்ந்தே இருக்கும். அயோடின் கடுமையாகக் குறைந்த பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளின் அறிவுத்திறன் எண், மற்றப் பகுதிப் பிள்ளைகளைவிடச் சராசரியாக 10 புள்ளிகளுக்கும் மேல் குறைந்திருப்பதைப் பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது.

பள்ளி வயதில் கொடுத்தால் பயன் உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. நியூசிலாந்தில் மிதமான குறையுள்ள 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் 150 மைக்ரோகிராம் அயோடின் 28 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், மாத்திரை பெற்ற பிள்ளைகள் பார்த்துணர்ந்து சிந்திக்கும் சில தேர்வுகளில் முன்னேற்றம் கண்டார்கள்.

காங்ரா பள்ளத்தாக்கின் பாடம்

இந்த நோயை உப்பினால் வெல்லலாம் என்று இந்தியாவுக்குக் காட்டிய இடம், இமயமலை அடிவாரத்தில் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கு. உலகில் 1922-லேயே சுவிட்சர்லாந்தும், 1924-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலமும் அயோடின் கலந்த உப்பைத் தொடங்கிவிட்டன. நம் நாட்டில் அதைச் சோதித்துப் பார்த்தவர் டாக்டர் வி. இராமலிங்கசுவாமி. அன்றைய சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த சிறீகாகுளத்தில் 1921-ல் பிறந்தவர். பிற்காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராக விளங்கியவர்.

1956-ல் தொடங்கிய அந்த ஆய்வில் பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. ஒன்றுக்கு வெறும் உப்பு. ஏறத்தாழ ஆறாண்டுகள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைச் சோதித்தபோது, அயோடின் உப்பு உண்ட இரு பகுதிகளிலும் கழலை பாதியளவுக்குக் குறைந்திருந்தது. வெறும் உப்பு உண்ட பகுதியில் மாற்றமில்லை. பின்னர் அந்தப் பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது. அங்கும் கழலை குறைந்தது. இதன் பயனாக 1962-ல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் பிறந்தது. கழலை மட்டுமல்ல, மூளை வளர்ச்சியும் இதில் அடங்கும் என்பதை உணர்த்த, 1992-ல் அதன் பெயர் அயோடின் குறைபாட்டு நோய்த் தடுப்புத் திட்டம் என்று மாற்றப்பட்டது.

கடலோரத்தில் இருந்தும் கடைசி இடம்

இமயமலைப் பக்கத்து நோய் நமக்கு எதற்கு, நாம் கடற்கரைப் பட்டணத்தில் அல்லவா இருக்கிறோம் என்று பலரும் எண்ணுகிறார்கள். நெடுங்காலம் மருத்துவர்கள்கூட அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். 2001-ல் தமிழ்நாடு தழுவிய ஆய்வு நடந்தபோது, பள்ளிப் பிள்ளைகளில் 100-க்கு 13 பேருக்கும் மேலாகக் கழலை காணப்பட்டது. 100-க்கு 5 என்றாலே அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். அப்போது போதிய அயோடின் உள்ள உப்பு ஐந்தில் ஒரு வீட்டில்கூட இல்லை.

பிறகு நிலைமை வெகுவாகத் திருந்தியது. ஆயினும் 2018-19-ல் நடந்த இந்திய அயோடின் ஆய்வைப் பாருங்கள். போதிய அளவு அயோடின் உள்ள உப்பை உண்ட வீடுகள் நாடு முழுவதிலும் 76.3 விழுக்காடு. தமிழ்நாட்டில் 61.9 விழுக்காடு. மாநிலங்களிலேயே கடைசி இடம் நம்முடையது!

குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில். தூத்துக்குடியில் உப்பளம், வேதாரண்யத்தில் உப்பளம், மரக்காணத்தில் உப்பளம், இங்கே பக்கத்தில் கோவளத்திலும் உப்பளம். 1930-ல் இராஜாஜி உப்பு அள்ளியதும் நம் மண்ணில்தான். அப்படியிருந்தும் கடைசி இடம் ஏன்?

காரணத்தை அந்தப் பெருமையிலேயே தேட வேண்டும். உப்பு கண்ணெதிரே விளைவதால், ஆலைக்குப் போகாமலே நேராகக் கடைக்கும் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. 1958-ல் கிண்டித் தொழிற்பேட்டை உருவான பிறகு வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் பலர் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது கருவாடும் கருப்பட்டியும் எடுத்து வருவதுபோல், உப்பளத்துக் கல்லுப்பையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு வருகிறோம். “இது சுத்தமான கடல் உப்பு, எதுவும் கலக்காதது” என்று பெருமையாகவும் சொல்கிறோம். எதுவும் கலக்காதது என்பது உண்மைதான். அதுவே அதன் குறை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அயோடினோ 60 மைக்ரோகிராம் அளவுதான். அது முழுவதும் உப்பிலேயே தங்கினாலும் ஒரு கிராமுக்கு 2 மைக்ரோகிராம்கூடத் தேறாது. பிள்ளைக்கு வேண்டிய 120 மைக்ரோகிராமை அந்த உப்பிலிருந்து பெற, அது நாள்தோறும் 60 கிராமுக்கு மேல் உப்புத் தின்ன வேண்டும். நடக்கிற காரியமா? அயோடின் கலந்த உப்பிலோ, சட்டப்படி நம் வீட்டுக்கு வந்து சேரும்போது ஒரு கிராமுக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராம் இருக்க வேண்டும்.

இப்போது புதிதாக ஒரு நாகரிகம் வந்திருக்கிறது. இளஞ்சிவப்பு நிறத்தில் இந்துப்பு என்று அதிக விலைக்கு விற்கிறார்கள். மலையில் வெட்டியெடுத்தது, தாதுச் சத்துகள் நிறைந்தது என்று விளம்பரம் வருகிறது. அயோடின் கலந்தது என்று பொட்டலத்தில் எழுதியிராவிட்டால், அதிலும் பிள்ளைக்குப் போதிய அயோடின் கிடைக்காது. கூடுதல் பணம் கொடுத்துக் குறைவான பயனை வாங்குகிறோம்.

சட்டமும் இந்த விஷயத்தில் தள்ளாடித்தான் நின்றது. அயோடின் கலக்காத உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998-ல் நாடு முழுவதும் தடை வந்தது. 2000-ல் அது நீக்கப்பட்டது. 2006 மே மாதத்திலிருந்து மீண்டும் நடைமுறைக்கு வந்தது. சட்டம் கடைவரை வரும், அடுப்படிவரை வராது. அங்கே முடிவு செய்கிறவர்கள் நீங்கள்.

மீன் தின்கிறோமே என்பார்கள். நல்லது, தின்னுங்கள். கடல் மீனிலும் இறாலிலும் அயோடின் உண்டு. பாலிலும் முட்டையிலும் ஓரளவு உண்டு. ஆனால் வாரத்தில் ஒருநாள் சைதாப்பேட்டையில் வாங்கும் மீன் ஏழு நாளைக்கும் போதாது. கெண்டை, கட்லா போன்ற நன்னீர் மீன்களில் அயோடின் குறைவு. ஏழை வீடானாலும் பணக்கார வீடானாலும் நாள் தவறாமல் உண்ணும் பொருள் உப்பு ஒன்றே. அதனால்தான் அயோடினைச் சேர்க்க அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித் பகுதியில் கழலை நோயை ஆராய்ந்தவர் இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவர். அவரே பின்பு நீலகிரியின் குன்னூரில் ஊட்டச்சத்து ஆராய்ச்சியை வளர்த்தார். அந்தக் குன்னூர் ஆய்வுக்கூடம் 1958-ல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. அயோடினையும் இரும்புச் சத்தையும் ஒருங்கே சேர்த்த இருசத்து உப்பை உருவாக்கியது அந்த நிறுவனம்தான். 1974-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகம் அவ்வகை உப்பை வாலிநோக்கத்தில் தயாரித்துச் சத்துணவுக் கூடங்களுக்கு வழங்கியது. நம் பிள்ளை பள்ளியில் உண்ட மதிய உணவில் நல்ல உப்பு இருந்தது. வீட்டு இரவுச் சோற்றில் இருந்ததா என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மக்கு என்று சொல்லுமுன்

ஆசிரியப் பெருமக்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வகுப்பில் தூங்கி வழிகிற பிள்ளை, மற்றவர்கள் வளரும்போது தான் வளராமல் நிற்கிற பிள்ளை, தோல் வறண்டு, மலச்சிக்கலோடு, குளிர் தாங்காமல், எதைச் சொன்னாலும் மெதுவாகச் செய்கிற பிள்ளை - இப்படி ஒரு பிள்ளை இருந்தால், மக்கு என்றும் சோம்பேறி என்றும் பெயர் வைக்குமுன் ஒருமுறை தைராய்டைச் சோதித்துப் பாருங்கள். நேற்றுவரை நன்றாகப் படித்த பிள்ளையின் மதிப்பெண் காரணமின்றிச் சரிந்தாலும் அப்படியே. இதற்கு மாறாகச் சுரப்பு மிகுந்துபோனால், நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஓரிடத்தில் அமர முடியாது.

எல்லா மந்தமும் தைராய்டு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரத்தசோகை, குடற்புழு, கண்பார்வைக் குறை, தூக்கமின்மை, வீட்டில் சண்டை, காலையில் வெறும் வயிறு - இவையும் பிள்ளையை மந்தமாக்கும். மருத்துவரிடம் காட்டினால்தான் எது என்று தெரியும்.

கழுத்தைப் பார்ப்பது எளிது. பிள்ளையை வெளிச்சத்தில் நிறுத்தி, தலையைச் சற்றுப் பின்னால் சாய்க்கச் சொல்லி, ஒரு வாய் தண்ணீர் விழுங்கச் சொல்லுங்கள். முன்கழுத்தில் ஏதேனும் புடைப்பு மேலெழுந்து இறங்குகிறதா என்று பாருங்கள். சுரப்பியின் ஒரு பக்கம் அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக்கணுவைவிடப் பெரியதாக இருந்தால் கழலை என்று கொள்வது மருத்துவர்களின் பழைய அளவு. ஐயம் இருந்தால் டி.எஸ்.எச். என்னும் இரத்தச் சோதனை ஒன்றே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். நாடு முழுவதும் 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், பள்ளிக்கு வரும் மருத்துவக் குழு பார்க்க வேண்டிய குறைகளில் கழலையும் ஒன்று. அந்தக் குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். மேல்சிகிச்சைக்கு எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது.

பிறவியிலேயே தைராய்டு சரியாக வேலை செய்யாத குழந்தைகளும் உண்டு. ஏறத்தாழ ஆயிரம் பிறப்புக்கு ஒன்று. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மாதங்கள் கடந்தால் இழந்தது இழந்ததுதான். வீட்டில் பிரசவம் எதிர்பார்ப்பவர்கள் இந்தச் சோதனையை மருத்துவமனையில் கேட்டு வாங்குங்கள்.

அயோடின் உப்பினால்தான் இப்போது எல்லாருக்கும் தைராய்டு வருகிறது என்று ஒரு பேச்சு உலவுகிறது. சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு காணப்பட்டது உண்மையே. ஆனால் இன்று நகரத்தில் காணும் குறைவுக்குப் பெருங்காரணம், உடலின் எதிர்ப்புச் சக்தி தன் சொந்தச் சுரப்பியையே தாக்குவது. பெண்களுக்கு இது அதிகம். குடும்பத்தில் இருந்தால் பிள்ளைக்கும் வரக்கூடும். நெடுநாள் அயோடின் குறைவாயிருந்த இடத்தில் அது கூடும்போது, சிலருக்கு இத்தகைய கோளாறு சற்றே அதிகரிப்பதும் உண்டு. அதற்கு அஞ்சி உப்பில் அயோடினை நிறுத்துவது, சிலரைக் காக்க எண்ணிப் பிறக்கப்போகும் எல்லாக் குழந்தைகளின் மூளையையும் பணயம் வைப்பதாகும். தைராய்டு மாத்திரை உண்பவர்களும் இதே உப்பைத் தாராளமாகச் சேர்க்கலாம். கதிரியக்க அயோடின் சிகிச்சைக்கு முன் மட்டும் மருத்துவர் வேறுவிதமாகச் சொல்வார்.

இப்போது சொல்லப்போவது தாய்மார்கள் மனத்தில் பதிய வேண்டியது. பெண்பிள்ளைக்குத் தைராய்டு என்று தெரிந்ததும், “வெளியே சொல்லாதே, நாளைக்கு வரன் வராது” என்று மறைக்கிறார்கள். பிள்ளை மாத்திரையை ஒளித்துச் சாப்பிடக் கற்றுக்கொள்கிறது. மணமான பின் புகுந்த வீட்டில் ஒளிக்க இடமில்லாமல் நிறுத்திவிடுகிறது. அந்த நிலையில் கருவுற்றால் கரு கலையலாம். தங்கினாலும் அதன் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஒரு சிறு மாத்திரை, நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில், காப்பிக்கும் பலகாரத்துக்கும் அரைமணி நேரம் முன்பாக. இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளோடு சேர்க்காமல் நான்கு மணி நேரம் தள்ளி. இவ்வளவுதான் சிகிச்சை. உடல் தயாரிக்காத சுரப்புநீரை வெளியிலிருந்து கொடுக்கிறோம். கண்ணாடி போட்டுக்கொள்வதில் இல்லாத வெட்கம் இதில் ஏன்? மகளுக்கு வரன் பார்ப்பவர்கள் இதைத் திறந்து சொல்லுங்கள். மருமகள் எடுப்பவர்கள் இதை ஒரு குறையாகக் கொள்ளாதீர்கள். இந்தப் பங்கில் இந்த ஒரு வழக்கம் மாறினாலே யூபிலி ஆண்டு பயனுள்ளதாகிவிடும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

முதலாவது, பொட்டலத்தில் அயோடின் கலந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கல்லுப்பு வேண்டுமானால் அயோடின் கலந்த கல்லுப்பே கடைகளில் கிடைக்கிறது.

இரண்டாவது, கல்லுப்பைக் கழுவித் தண்ணீரைக் கொட்டாதீர்கள். அயோடின் கல்லின் மேற்பரப்பில்தான் தெளிக்கப்படுகிறது, கழுவினால் போய்விடும். தூசி இருந்தால் கரைத்து வடிகட்டி, அந்த உப்புநீரையே சமையலில் ஊற்றுங்கள்.

மூன்றாவது, மூடியுள்ள பீங்கான் அல்லது கண்ணாடிச் சாடியில், அடுப்புக்கு அப்பால் வையுங்கள். ஈரக் கரண்டி போடாதீர்கள். குழம்பை இறக்கும் வேளையில் உப்புச் சேர்ப்பது நல்லது.

நான்காவது, அயோடின் வேண்டும் என்பதற்காக உப்பைக் கூட்டாதீர்கள். இரத்த அழுத்தத்துக்கு அது பகை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குறைவாக உண்ணுங்கள், உண்பது அயோடின் உப்பாக இருக்கட்டும்.

ஐந்தாவது, முட்டைக்கோசு, மரவள்ளிக்கிழங்கு ஆகியவற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். நன்றாக வேகவைத்து அளவோடு உண்டால், அயோடின் கிடைக்கும் வீட்டில் அவற்றால் தீங்கில்லை.

நம் உப்பில் அயோடின் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு சோதனைப் புட்டி உண்டு. உப்பின்மீது ஒரு சொட்டு விட்டால், அயோடின் இருந்தால் நீலமாகும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். உலகின் பல நாடுகளில் வீடு வீடாகச் சென்று கணக்கெடுத்தவர்கள் கையில் இருந்த அந்தப் புட்டி, நம் சென்னையில் செய்தது! நம் இளைஞர் மன்றத்தார் அத்தகைய புட்டிகளைத் தருவித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பலிக்குப் பின், வீட்டுக்கு ஒரு பிடி உப்புக் கொண்டுவரச் சொல்லி எல்லார் முன்னிலையிலும் சோதித்துக் காட்டலாம். எந்த வீட்டையும் குறை சொல்வதற்கல்ல. எத்தனை வீடு வெள்ளை, எத்தனை வீடு நீலம் என்று நாமே தெரிந்துகொள்வதற்கு. ஆறு மாதம் கழித்து மீண்டும் ஒருமுறை பார்த்தால் நாம் முன்னேறியிருக்கிறோமா என்பது விளங்கும். திருவிழா விருந்துக்குச் சமைக்கும் உப்பையும் அன்றே சோதித்துவிடுங்கள்.

செலவோ மிகச் சிறியது. பயனோ ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுவதற்கும்.